சூடு ஆறாமல் கொண்டுபோன போத்தல்

கல்யாணமாகி ஆறு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. ராகலைக்கு மேலே, பஸ் ஓடும் ரோட்டிலிருந்து இரண்டு மைல் ஏற வேண்டிய ஒரு தோட்டத்தில் அப்போது இருந்தோம். என் மனைவி மலையில் கொழுந்து எடுத்தாள். நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்புக்காரன். இலையைக் காய வைக்கும் இயந்திரத்துக்குச் சூடு கொடுக்கும் பெரிய விறகு அடுப்பு என் பொறுப்பு. சூடு கூடினால் தேயிலை கருகும், குறைந்தால் ஈரம் நின்று கெட்டுப்போகும். பதினாறு வயதில் அந்த அடுப்பின் வாய்க்கு முன்னால் நிற்கத் தொடங்கியவன் நான். மற்றவர்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்கும்போது நான் வெறும் பனியனோடு வியர்த்துக்கொண்டு நிற்பேன். தோட்டத்தில் அது பொறாமைப்படும்படியான வேலை.

பிள்ளை இல்லாத அந்த ஆறு வருஷத்தில் அவள் செய்யாதது ஒன்றுமில்லை. விரதம் இருந்தாள். மருத்துவச்சி காய்ச்சிக் கொடுத்த கஷாயங்களை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். என் அம்மா ஏதாவது ஒரு கோயிலின் பெயரைச் சொன்னால், அடுத்த விடுமுறை நாளில் அங்கே போய் வந்தாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு நியாயமாகவே பட்டது. அம்மா ஒருநாள் எனக்கு இன்னொரு கல்யாணம் செய்வது பற்றிப் பேச்செடுத்தபோது நான் அதட்டி நிறுத்தினேன். அதையே பெரிய காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் பெண்களைப் பார்க்கும் ஒரு டாக்டர் நோனா, அதாவது பெண் டாக்டர், வந்திருப்பதாக மருத்துவச்சி சொல்லி, அவளைக் கூட்டிப்போனாள். இரண்டு தடவை போய் வந்தார்கள். இரண்டாம் தடவை திரும்பி வந்த அன்று சாயந்திரம் நான் குளித்துவிட்டு வீட்டு வாசல் இஸ்தோப்பில், திண்ணையில், உட்கார்ந்திருந்தேன். அவள் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் நோனா என் வயித்தத் தொறந்து பாக்க வேண்டி வரலாம்னு சொல்றாங்க. அதுக்கு முன்னால ஒங்களச் சோதிக்கணுமாம்" என்றாள்.

என்னை எதற்கு என்று கேட்டேன். பிள்ளை இரண்டு பேரால் வருவது, ஒருத்தியை மட்டும் வெட்டிப் பார்க்க முடியாது என்று டாக்டர் நோனா சொன்னதாகச் சொன்னாள். எப்படிச் சோதிப்பார்கள் என்று கேட்டேன். அதையும் அவள் மறைக்காமல் சொன்னாள். விந்தை ஒரு போத்தலில் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மாட்டு வைத்தியம் பார்க்கிற இடமா அது என்று கேட்டேன். அவள் எழுந்து போய்ச் சோற்றை வடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தன்னுடைய இரண்டு சேலைகளையும் ஒரு போர்வையையும் துவைத்து உலர்த்தி மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு. கங்காணிகிட்ட ரெண்டு கெழமைக்கு லீவு சொல்லிட்டேன். நீங்க வரமாட்டீங்கன்னா, வயித்தத் தொறந்துதானே பாக்கணும்."

குத்திக் காட்டும் குரலில் அவள் அதைச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சந்தைக்குப் போவதைச் சொல்வதுபோலச் சொன்னாள். பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது, அதை அமுக்கிக்கொண்டே சொன்னாள். பெட்டியை மூட வேண்டாம், நான் முதலில் போய் வருகிறேன் என்றேன்.

டாக்டர் நோனா எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் இருவரும் போனோம். சோதனை அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சமையலறைக்குப் போகும் வழியில் இருந்தது. ஒற்றை அறை. ஜன்னலோரம் ஒரு மேசை, மேசையில் ஒரு மைக்ரஸ்கோப். அதன் அடியிலிருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்பியது. அங்கே வேலை செய்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், நாற்பது வயது இருக்கும். விரல் நுனிகளெல்லாம் ஏதோ சாயம் பட்டு ஊதா நிறமாக இருந்தன. எழுந்து நின்று நாற்காலியைக் காட்டி, "இருங்கோ" என்றார்.

அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் எந்தக் காரியாலயத்திலும் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நீ, வா, போ என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். அவர் கடைசிவரை 'நீங்கள்' என்பதை விடவில்லை.

ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து, பக்கத்தில் இருந்த ஒரு அறையைக் காட்டினார். துடைப்பங்களும் வாளிகளும் வைக்கிற அறை. வெளியே சமையல்காரர்கள் சிங்களத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தாலும் அது ஆடியது. அரைமணி நேரம் இருந்துவிட்டு வெறும் போத்தலோடு வெளியே வந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பரவாயில்லை. இந்த இடத்திலை கனபேருக்கு ஏலாது" என்று சொல்லி, என் மனைவியையும் உள்ளே கூப்பிட்டு இருவருக்கும் சேர்த்து விளக்கினார். வீட்டில் எடுத்துக்கொண்டு வரலாம். ஆனால் எடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் அவர் கையில் வந்து சேர வேண்டும். நாலைந்து நாள் சேராமல் இருந்துவிட்டு எடுக்க வேண்டும். போத்தலில் தண்ணீரோ சவர்க்காரமோ படக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம், உடம்புச் சூட்டிலேயே வர வேண்டும்.

"இது உயிருள்ள சாமான். குளிர் பட்டால் அசையாமல் போயிடும். நான் அதைப் பார்த்து எழுதினால், அது உங்களைப் பற்றின றிப்போட் இல்லை. நுவரெலியாக் குளிரைப் பற்றின றிப்போட்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் நினைத்தேன், காரியம் முடிந்தது என்று. நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரவே முக்கால் மணி நேரம், அதன்பிறகு பஸ்ஸைக் காத்திருந்து ஏறி வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். நடக்கிற காரியமில்லை என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். கந்தப்பளை தாண்டும்போது, அக்கா வீட்டில் இருந்து போனால் என்ன என்று கேட்டாள்.

அவளுடைய அக்கா நுவரெலியாவில் இருந்தாள். அக்காவின் புருஷன் ஏரிப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் காவல்காரர். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரம்தான். அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், அந்தத் தூரத்தை நடந்தே பார்த்துவிட்டு வந்தாள். வேகமாக நடந்தால் அரைமணி, மெதுவாக நடந்தால் நாற்பது நிமிஷம். அக்காவுக்கு எவ்வளவு சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் போய்த் தங்கிய மறுநாள் காலையில் அக்காவும் அவள் புருஷனும் எங்களை வீட்டில் விட்டுவிட்டு லீக்ஸ் பாத்திக்குப் போய்விட்டார்கள்.

அது மாசி மாதம். புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. நான் போத்தலோடு வெளியே வந்தபோது அவள் தயாராக நின்றாள். அதை என் கையிலிருந்து வாங்கி, கார்க்கை இன்னொரு தடவை அமுக்கி, ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அதற்குமேல் என்னுடைய கம்பளிச் சட்டை, அதற்குமேல் கொழுந்து மலைக்குப் போர்த்திப் போகிற கம்பளி. நான் கொண்டு வருகிறேன் என்றேன். உங்கள் சட்டை தொளதொளவென்று இருக்கிறது, காற்றுப் போகும் என்றாள். பிறகு அலமாரியிலிருந்து அக்கா வீட்டு அலாரம் கடிகாரத்தை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். எங்களிடம் கைக்கடிகாரம் இல்லை. எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்று அவள் முதல் நாளே யோசித்திருக்கிறாள்.

நான் பையில் கடிகாரம் டிக் டிக் என்று அடிக்க, அவளுக்குப் பின்னால் நடந்தேன். அவள் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மறுகையை வீசி, மலை ஏறுகிற நடையில் போனாள். அடுப்படியில் நின்றே பழகிய எனக்கு மூச்சு வாங்கியது. வழியில் எங்கள் தோட்டத்திலிருந்து நகரத்துக்குக் குடிவந்த ஒரு அம்மாள் எதிரே வந்து நலம் விசாரிக்க நின்றார். ஆஸ்பத்திரிக்கு அவசரமாக மருந்து கொண்டு போகிறேன், திரும்பும்போது வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவள் நிற்காமல் போனாள்.

சோதனைக்கூடத்துக்காரர் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். அவள் ஒரு பக்கம் திரும்பிப் போத்தலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை உள்ளங்கையில் பொத்திப் பார்த்தார்.

"எத்தினை மணிக்கு எடுத்தனீங்கள்?"

நான் பையிலிருந்து அலாரம் கடிகாரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டுக்கும் இரண்டு நிமிஷம்தான் வித்தியாசம். நான் நேரத்தைச் சொன்னேன். முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

"பெரிய பெரிய உத்தியோகத்தர் வீட்டிலையிருந்தும் எனக்கு வந்திருக்கு. இப்பிடி ஒருத்தரும் கொண்டு வந்ததில்லை" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காது மடல்கள் குளிரில் சிவந்திருந்தன.

வெளியே பனிமூட்டம் இருந்ததால் வெளிச்சம் போதவில்லை. ஒரு விளக்கை ஏற்றி, அதற்கு முன்னால் நீலக் கண்ணாடி ஒன்றை வைத்து, கண்ணாடித் துண்டைத் தன் உள்ளங்கையில் சூடாக்கி, அதில் ஒரு துளி விட்டுப் பார்த்தார். மற்றக் கண்ணை மூடாமலே பார்த்தார். இடது கை ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே இருந்தது. நேராக ஓடுவது ஒரு வரிசை, நின்ற இடத்தில் சுற்றுவது ஒரு வரிசை, அசையாதது ஒரு வரிசை. எவ்வளவு நேரம் அப்படி எண்ணினார் என்று சொல்ல முடியாது. ஒரு தடவைகூட நிமிரவில்லை. எண்ணி முடித்து, இன்னொரு துளி விட்டு, முதலிலிருந்து எண்ணினார். ஏன் இரண்டு தடவை என்று கேட்டேன். ஒரு துளியை நம்பி ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதக்கூடாது என்றார்.

அதன்பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. பிறகு ஒரு வெளிச்ச வட்டம், அதற்குள் சிறு சிறு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் வால். நிறைய இருந்தன. அநேகமானவை சும்மா கிடந்தன. அங்கொன்று இங்கொன்று நடுங்கியது. ஒன்றே ஒன்று குறுக்கே ஓடிப் போனது. அது வட்டத்தை விட்டு வெளியே போகும்வரை நான் மூச்சு விடவில்லை.

நாலு மணித்தியாலம் கழித்து வரச் சொன்னார். போத்தலைச் சூட்டுப் பெட்டியில் வைத்து மறுபடி பார்க்க வேண்டுமாம். ஓடுகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும், உள்ளே போகிற வழி நீளம் என்றார். நாங்கள் மார்க்கெட் பக்கம் போய் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தோம். அவர் எதுவும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

"எண்ணிக்கை பரவாயில்லை. ஓட்டம் காணாது" என்றார். முதலில் நூறு எண்ணினால் பத்துப் பன்னிரண்டுதான் நேராக ஓடியதாம். இப்போது ஒன்றுமே ஓடவில்லையாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் இது குளிரால் வந்தது இல்லை, அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன், ஏனென்றால் இந்தப் போத்தல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும் என்று அவளைக் காட்டினார். அண்மையில் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். இல்லை. சின்ன வயதில் கன்னம் வீங்கும் கூவைக்கட்டு வந்ததா என்றார். இல்லை.

"என்ன வேலை செய்யிறீங்கள்?"

சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். எவ்வளவு பக்கத்தில் நிற்பேன், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம், வேலை முடிந்து சுடுதண்ணீரில் குளிப்பேனா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஆணின் விதை உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது, அதற்கு உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும் என்று அவர் சொன்னார். எனக்குக் குழப்பமாக இருந்தது. குளிர் பட்டால் செத்துப்போகும் என்று சொல்லித்தானே அவள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்தாள் என்றேன். அவர் சிரித்தார். உண்டாகிற இடத்தில் குளிர்ச்சி வேண்டும், உண்டான பிறகு சூடு வேண்டும் என்றார்.

அறிக்கையை எங்கள் கையில் கொடுத்து அனுப்பாமல், அவரே எங்களோடு டாக்டர் நோனாவிடம் வந்தார். இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். டாக்டர் நோனா வயதில் சின்னவர். தாளைப் பார்த்தார், அவரிடம் ஏதோ கேட்டார், என் மனைவியின் காகிதங்களை எடுத்து அதில் எழுதியிருந்த ஒன்றைக் கோடு போட்டு அடித்தார். பிறகு தெரிந்த தமிழில், "ஒப்பரேஷன் இப்ப இல்ல. மூணு மாசம் நெருப்புப் பக்கம் போக வேணாம். பொறகு திரும்பவும் பாப்பம்" என்று சொன்னார். நல்லாகிவிடும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னார். அந்தக் கோடு போட்டு அடித்ததைப் பார்த்த என் மனைவி, படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்தில் அவள் அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

டீமேக்கர் ஐயாதான் ஸ்டோருக்குப் பொறுப்பு. அவரிடம் வேலை மாற்றிக் கேட்டேன். முடியாது என்றார். காரணம் கேட்டார், மழுப்பினேன். மறுநாளும் போய் நின்றேன். இந்தத் தடவை டாக்டர் நோனா எழுதித் தந்த துண்டை நீட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இத யாருகிட்டயும் காட்டாத. தொரகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு நெஞ்சுச் சளி, புகை ஆகாது என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த திங்கட்கிழமை கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போனேன்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது எனக்குத் தெரியாது. முதல் வாரம் உள்ளங்கையெல்லாம் கொப்பளம். பெய்த மழை அத்தனையும் என் முதுகில்தான் பெய்தது. வீட்டில் சுடுதண்ணீர் நின்றுபோனது. ராகலைக் குளிரில் பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பிள்ளைகள் ஓடிவந்து வேடிக்கை பார்க்கும்.

அதையெல்லாம் தாங்கலாம். தாங்க முடியாதது வேறொன்று. ஸ்டோர் வேலையை விட்டு யாரும் தானாக மலைக்குப் போகமாட்டார்கள். அதனால் நான் தேயிலைத் தூள் திருடிப் பிடிபட்டேன் என்று லயத்தில் பேச்சு வந்தது. காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் பதிய வரிசையில் நிற்கும்போது பின்னால் கிசுகிசுப்பார்கள். என் மனைவி அதை எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் வைத்துக் கேட்டிருக்கிறாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"திருடன்னு சொல்றாங்க. நான் உள்ளதச் சொல்லிரட்டுமா?"

"உள்ளதச் சொன்னா ஆம்பளையே இல்லன்னு சொல்லுவாங்க."

"திருடன்னு சொல்றதவிட அது மோசமா?"

இரண்டு நாள் கவ்வாத்து மலைக்குப் போய் வந்தேன். மூன்றாம் நாள் காலையில், சொல்லு என்றேன். அவள் சொன்னதை நான் நேரில் கேட்கவில்லை. பீலியில் நின்ற ஒரு சித்தி பிறகு எனக்குச் சொன்னாள். குடத்தில் தண்ணீர் நிறைகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, சாதாரணக் குரலில் சொன்னாளாம்: "எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் திருடல. பிள்ள வேணும்னு டாக்டர் சொல்லி வேலைய மாத்திக்கிட்டாரு. என் ஒடம்பச் சோதிச்சாங்க, அவரு ஒடம்பையும் சோதிச்சாங்க. வெக்கப்படாம வந்து நின்னாரு. ஒங்க வீட்டுல யாரு வந்து நிப்பாங்க?"

வெட்கப்படாமல் என்று அவள் சொன்னது பொய். நான் பட்ட வெட்கம் அவளுக்குத் தெரியும்.

ஒரு வாரம் சிரித்தார்கள். அம்மா என்னோடு பேசவில்லை, பேச என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் கவ்வாத்து மலையில், என்னைவிட மூத்த ஒருவர் பக்கத்து நிரைக்கு மாறி வந்து, அந்த ஆஸ்பத்திரி அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். மாதம் முடிவதற்குள் இன்னொருவரும் கேட்டார். இரண்டு பேருக்கும் வழி சொன்னேன். பின்னால் ஒருவருக்குப் பையன் பிறந்தான். மற்றவருக்குப் பிறக்கவில்லை. ஆனால் அவர் மனைவியை அதற்குப் பிறகு யாரும் மலடி என்று சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து அதேபோல அக்கா வீட்டில் தங்கி, அதேபோலக் கொண்டுபோனோம். சோதனைக்கூடத்துக்காரர் எண்ணினார், மறுபடி எண்ணினார். இந்தத் தடவை என்னைப் பார்க்கச் சொல்வதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டார். அவள் தயங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் எங்க போகுதுங்க ஐயா?" என்று கேட்டாள்.

"அதுகளுக்கும் தெரியாது. ஆனால் போகுது" என்றார் அவர்.

நாலு மணித்தியாலம் கழித்தும் பாதிக்குப் பாதி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்த எண்ணிக்கையை எழுதிவிட்டு, பேனையின் மூடியைப் போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். அடுப்பை விட்டதால்தான் இது என்று நான் சொல்லமாட்டேன், பார்த்ததை மட்டும்தான் சொல்வேன் என்றார். அவ்வளவு சந்தோஷத்திலும் அவர் அளந்துதான் பேசினார். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது முக்கியமாக அதனால்தான்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அது எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்ப்பது. டாக்டர் நோனா சொன்ன நாளில், கணவன் மனைவியாக இருந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கருப்பையின் வாயிலிருந்து ஒரு துளியை எடுத்து, அதில் என்னுடைய உயிரணுக்கள் உள்ளே ஏறிப் போகின்றனவா என்று பார்ப்பார்கள். போகவில்லையென்றால் ஊசிக்குழாயால் உள்ளே விட்டுப் பார்ப்பது என்றும், அதுவும் சரிவராவிட்டால்தான் ஒப்பரேஷனை யோசிப்பது என்றும் டாக்டர் நோனா சொல்லியிருந்தார். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். சோதனைக்கூடத்துக்காரர் கண்ணாடித் துண்டைக் கையால் மூடிக்கொண்டு என்னைத் தாண்டி வேகமாகப் போனார். கால்மணி நேரத்தில் திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உள்ளே ஓடுகின்றன என்று அர்த்தம். ஊசிக்குழாயும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று டாக்டர் நோனா அனுப்பிவிட்டார்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதத்தில் அவள் ஒரே ஒரு தடவை அழுதாள். பீலியிலிருந்து வந்து, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, என்னிடம் காரணம் சொல்லாமல் அழுதாள். நான் சோற்றை வடித்தேன். ஸ்டோருக்குத் திரும்பிப் போகலாமே என்று எனக்குச் சில காலைகளில் தோன்றும். மழையில் நனைந்த கம்பளியை முதுகில் போட்டுக்கொள்ளும்போது தோன்றும். போகவில்லை. ஒன்பதாம் மாதம் அவள் நாள் தள்ளிப் போனதைச் சொன்னாள். இரண்டு மாதம் போகட்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். அவ்வளவு பெரிய விஷயத்தைப் பீலியில் சொல்லத் துணிந்தவள், இதை அம்மாவிடம்கூட மறைத்தாள்.

பெண் பிள்ளை. நுவரெலியா ஆஸ்பத்திரியிலேயே பிறந்தது. பிறந்த மறுநாள் சோதனை அறைக்குப் போனேன். அவர் மைக்ரஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். கணக்குத் தவறிவிடும், நில்லுங்கள் என்று அர்த்தம். நின்றேன். அங்கே வேறு யாரோ ஒருவருடைய இரத்தமோ சளியோ இருந்திருக்கும். அந்த யாரோ ஒருவருக்காக அவர் அப்படிக் குனிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்காகவும் இப்படித்தான் குனிந்திருந்தார் என்று நினைத்தேன். எண்ணி எழுதிவிட்டு நிமிர்ந்தார். சொன்னேன். எத்தனை இறாத்தல் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்காமல் வந்தீர்களா என்று சொல்லிக்கொண்டே எழுந்து, ஊதா விரல்களைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு, என்னோடு வார்ட்டுக்கு வந்தார். நேர்ஸிடம் எடையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். என் மனைவியிடம், "நல்ல பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். அடுத்த வருஷம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றமாகிவிட்டது. அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. நான் கடைசிவரை மலையிலேயே வேலை செய்தேன், கவ்வாத்தில் கைதேர்ந்தவன் என்று பெயரும் எடுத்தேன்.

பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நல்ல மழை. பஸ்ஸிலிருந்து இறங்கினால், ரோட்டோரம் அம்மா குடையோடு நின்றிருந்தாள். காலையிலிருந்தே நிற்கிறாள் என்று கடைக்காரர் சொன்னார். எந்த பஸ்ஸில் வருவோம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் பிள்ளையின் முகத்தைத் திறந்து பார்த்தாள், மூடினாள். என் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றாள். குடையை அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, இரண்டு மைல் ஏற்றத்தையும் அவள் நடைக்கு ஏற்றபடி மெதுவாக ஏறினாள். குடை சின்னது. அம்மாவும் நானும் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம்.